தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது, வீடோ ரோட்டைவிடத் தாழ்வு: இணைப்பு எடுக்கலாமா?

கீழ்வீட்டுக்காரன்
சனி, இரவு 9:10

வணக்கம். ஊர் பெயரைச் சொன்னால் தெருவையே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் இப்படி வைத்துக்கொள்வோம்: வேளச்சேரிக்குத் தெற்கே, 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. அதற்கு முன்னால் கிராமப் பஞ்சாயத்து.

வீடு 1996-ல் அப்பா கட்டியது. அப்போது மூன்று படி ஏறி வாசலுக்குப் போவோம். இப்போது ரோட்டிலிருந்து இறங்கிப் போகிறோம். ரோடு ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே போடப்பட்டதில் ஒரு அடியாவது ஏறியிருக்கும். 2015-லும் மிக்ஜாம் புயலின்போதும் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர்.

இப்போது மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒன்று, போன வருடம் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்துவிட்டார்கள், கேட்டுக்கு வெளியே சேம்பர் (இணைப்புத் தொட்டி) கட்டியாகிவிட்டது, இணைப்பு எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு, புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலில் என் வாசலுக்கு நேராக மட்டும் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. மூன்று, தெருக்கோடியில் ஆறு கிரவுண்டு காலி மனையில் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள். கீழே கடைகள், மேலே ஃபிளாட் என்று பேச்சு.

பிளம்பர் "நாலு அங்குலக் குழாய் போட்டு ரெண்டு நாளில் முடிச்சுடலாம் சார்" என்கிறார். பக்கத்து வீட்டு மாமா "எடுக்கவே எடுக்காதே, மழைக்காலத்தில் ஊர் சாக்கடை எல்லாம் உன் கழிவறை வழியாக வரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?


மேல்மாடி
சனி, இரவு 9:32

செப்டிக் டேங்க் இருக்கிறது அல்லவா? இத்தனை வருடம் ஓடியது இன்னும் பத்து வருடம் ஓடாதா? தோண்டிப் போட்ட ரோட்டில் இன்னும் என் ஸ்கூட்டர் சக்கரம் புதைகிறது. இதில் இணைப்பு வேறு.


எஃப்2 அக்கா
சனி, இரவு 9:51

மேல்மாடி தம்பி, நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் மண்ணில் உறிஞ்சப்பட வேண்டும் என்பதுதான் கணக்கு. மண்ணே ஊறிக் கிடக்கும்போது அது எங்கே போகும்? பின்பக்கமாக ஒரு குழாயைச் சத்தமில்லாமல் மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மார்ச் மாதத்தில், மழையே இல்லாத நாளில், வடிகால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. கொசுவுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.


ரசமட்டம்
சனி, இரவு 10:40

நான் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். குழாய், வடிகால் வேலைகளில் முப்பது வருடம். எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை.

கீழ்வீட்டுக்காரரே, உங்கள் மூன்று விஷயமும் ஒன்றுதான். மூன்றையும் மூன்று அலுவலகம் பார்ப்பதால் மூன்றாகத் தெரிகிறது. ரோடும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. சாக்கடைக் குழாய் குடிநீர் வாரியம். அந்த ஆறு கிரவுண்டின் நிலப் பயன்பாடு சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தண்ணீருக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரியாது. அதற்கு மட்டமும் வாட்டமும்தான், அதாவது உயரமும் சரிவும்தான் தெரியும். எனவே யார் சொல்வதையும் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள்.

வாட்டக் கணக்கு எளிது. நாலு அங்குலக் குழாய் என்றால் நாற்பது அடிக்கு ஒரு அடி இறங்க வேண்டும். ஆறு அங்குலக் குழாய் என்றால் அறுபது அடிக்கு ஒரு அடி. இதைவிடக் குறைந்தால் கசடு தங்கும், அடைக்கும். ரொம்ப அதிகமானால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது பின்தங்கும்.

உங்கள் பின்பக்கக் கழிவறையிலிருந்து கேட் வரை எவ்வளவு தூரம்? கழிவறைத் தரைக்குக் கீழே குழாய் எத்தனை அங்குலத்தில் தொடங்குகிறது? வீட்டுத் தரையைவிட ரோடு எத்தனை அங்குலம் உயரம்? ரோட்டு மட்டத்திலிருந்து சேம்பருக்குள் குழாய் வாய் எத்தனை அங்குலம் ஆழம்? இந்த நாலு எண்ணையும் கொண்டுவாருங்கள். "ஒரு அடியாவது இருக்கும்" என்கிற எண் எனக்கு வேண்டாம்.


கீழ்வீட்டுக்காரன்
சனி, இரவு 10:55

சார், தூரம் 45 அடி. குழாய் தொடங்குவது தரைக்கு ஒரு அடி கீழே. மற்ற இரண்டும் எப்படி அளப்பது? சர்வே ஆட்களைக் கூப்பிட வேண்டுமா?


ரசமட்டம்
சனி, இரவு 11:07

கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். ஹார்டுவேர் கடையில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஐம்பது அறுபது அடி வாங்குங்கள். தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் பாருங்கள். குமிழ் இருந்தால் டியூப் பொய் சொல்லும். ஒருவர் வீட்டுக்குள் சுவரில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கேட் தூணில். இரண்டு முனையிலும் தண்ணீர் அசையாமல் நின்றதும் கோடு போடுங்கள். அந்த இரண்டு கோடும் ஒரே மட்டம். அங்கிருந்து தரைக்கும் ரோட்டுக்கும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் வந்துவிடும்.

சேம்பர் மூடியைத் திறந்து குச்சி விட்டு ஆழம் பாருங்கள். குனிந்து முகத்தை உள்ளே விடாதீர்கள். விஷவாயு வாசனை காட்டிவிட்டுத்தான் வரும் என்பதில்லை.


பழைய ஆலந்தூர்
ஞாயிறு, காலை 6:20

இணைப்பு எடுக்கலாமா என்கிற கேள்வி எங்கள் ஊரில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வந்தது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. பாதாளச் சாக்கடைக்கு அரசுப் பணம் மட்டும் போதாது என்று, குழாய் பதிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. "கட்டினால் திரும்பி வருமா, குழாய் வருமா, இரண்டும் வராதா" என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சு. குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. ஜனம் கட்டியது. குழாயும் வந்தது, கழிவுநீர் பெருங்குடிக்குப் போனது. இந்தியாவில் வேறு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் மனைவி இன்றும் சொல்வது ஒன்றுதான்: செப்டிக் டேங்க் லாரிக்காரருக்குப் போன் செய்து "இன்னைக்கு வருவீங்களா" என்று கெஞ்சுகிற வேலை போனது.

ஆனால் மாமா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் தெருவில் தாழ்வாக இருந்த இரண்டு வீட்டுக்கு மழைக்காலத்தில் அப்படி நடந்தது. ரசமட்டம் சார் அதைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும்.


ரசமட்டம்
ஞாயிறு, காலை 7:45

சொல்கிறேன், இதுதான் முக்கியமான இடம்.

சாதாரண நாளில் குழாய் பாதிதான் நிறைந்து ஓடும். வாட்டம் சரியாக இருந்தால் தாழ்வான வீட்டிலிருந்தும் கழிவு போய்விடும். பிரச்சினை பெருமழை நாளில். கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையத்தில் மோட்டார் சமாளிக்காமலோ மின்சாரம் இல்லாமலோ போனால் குழாய் முழுவதும் நிறைந்து, மேன்ஹோலில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ரோட்டில் மூடி வழியாகப் பொங்க வேண்டுமென்றால் ரோட்டு மட்டம் வரை ஏற வேண்டும். உங்கள் கழிவறைத் தரையோ ரோட்டுக்குக் கீழே. அப்படியானால் முதலில் எங்கே பொங்கும்? தெருவிலேயே தாழ்ந்த மேன்ஹோல் உங்கள் வீட்டுக் கழிவறைதான். மாமா சொன்னது இதைத்தான்.

அதற்காக இணைப்பே வேண்டாம் என்பது தப்பு. ஒருவழி வால்வு இருக்கிறது. வெளியே போகும், உள்ளே வராது. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில் பிளம்பர்கள் தவறு செய்கிறார்கள். மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே குழாயில் கேட் அருகே வால்வு போட்டால், வெளியே தண்ணீர் ஏறும்போது வால்வு மூடிக்கொள்ளும். அந்த நேரம் மாடியில் யாராவது கழிவறைத் தண்ணீரை ஊற்றினால் அது வெளியே போக வழியின்றி உங்கள் கீழ்த்தளத்தில் வரும். ஊர்ச் சாக்கடையைத் தடுத்து நம் சாக்கடையில் நிற்பது. மாடிக் குழாயைத் தனியாக நேரே சேம்பருக்கு விடுங்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் தனிக் குழாய், அதில் மட்டும் வால்வு. அதற்குச் சின்னச் சேம்பர் கட்டி, புரட்டாசியில் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். ஒரு துணித்துண்டு சிக்கினாலே வால்வு மூடாது.


எஃப்2 அக்கா
ஞாயிறு, காலை 8:30

அப்படிப் பொங்குவதற்கு நாமும் காரணம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள் சார். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. ஒவ்வொரு மழைக்கும் சேம்பர் பொங்குகிறது என்று நான்தான் புகார் மேல் புகார் போட்டேன், சங்கச் செயலாளர் என்கிற மிடுக்கோடு. ஒரு நாள் பக்கெட்டில் நீலப் பொடி கலக்கி மொட்டை மாடியில் ஊற்றினோம். பத்து நிமிடத்தில் சாக்கடைச் சேம்பரில் நீலம். கட்டியவர் மொட்டை மாடி மழைக்குழாயைச் சாக்கடையில் கோர்த்துவிட்டுப் போயிருக்கிறார். மழைநீர் சேகரிப்புத் தொட்டி என்று வரைபடத்தில் இருந்தது வெறும் மூடிதான். கீழே ஒன்றும் இல்லை.

2003-ல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்ததற்குப் பிறகு கட்டிய கட்டடம் இது. அன்றிலிருந்து நான் புகார் போடும் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.


ரசமட்டம்
ஞாயிறு, காலை 8:41

நூற்றுக்கு நூறு. கணக்கும் பார்த்துவிடுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 22,300 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு லாரி, ஒரே மனையிலிருந்து. ஒரு குடும்பத்தின் கழிவுக்குப் போட்ட குழாயில் இதை விட்டால் என்ன ஆகும்? அப்புறம் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து விடுகிற வீரர்கள் வேறு. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போவதில்லை, அடுத்த தெருவில் தாழ்ந்த வீட்டுக்குப் போகிறது. போதாக்குறைக்குத் திறந்த குழியில் நடந்து வருபவர் விழுகிறார்.


மேல்மாடி
ஞாயிறு, காலை 9:05

சரி, நான் தோற்றேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். குடிநீர், கழிவுநீர் வரி என்று ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். குழாயே இல்லாத வருடங்களிலும் எங்கள் ஓனர் கட்டினார், அதை வாடகையில் என்னிடம் வசூலித்தார். அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?


பழைய ஆலந்தூர்
ஞாயிறு, காலை 9:20

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. இங்கே அதைத் தொட்டால் மழைக்காலம் வந்துவிடும்.


சர்வே நம்பர்
ஞாயிறு, காலை 11:15

அந்த ஆறு கிரவுண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

நான் பத்திரம் எழுதும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். முதலில் மண் கொட்டுகிற ஆளைத் திட்டும் முன், அனுமதிக் காகிதத்தைப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்து மனைகளில் கட்ட வேண்டுமானால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சான்றிலேயே "மனையை இன்ன மட்டத்துக்கு உயர்த்திக் கட்ட வேண்டும்" என்று நிபந்தனை வரும். புதுக் கட்டடத்துக்குள் வெள்ளம் போகக்கூடாது என்பது அதன் நியாயம். பக்கத்தில் 1996-ல் கட்டிய வீட்டுக்கு அந்தத் தண்ணீர் போகும் என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. ஆக, மண் கொட்டுபவர் விதியை மீறவில்லை, விதிப்படியே செய்கிறார் என்றும் இருக்கலாம். எனக்கு இதுதான் இந்த ஊர் நிர்வாகத்தில் ஆகப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. ஒவ்வொரு மனையும் தனித்தனியாகச் சரி. தெருவாகச் சேர்த்துப் பார்த்தால் தப்பு.

இரண்டாவது, கீழே கடை என்கிறீர்கள். சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. 2026 வரைக்கானது. அதில் உங்கள் சர்வே எண் எந்த மண்டலம் என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்துப் பார்க்கலாம். முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, நிறுவனமா என்று வரும். பயன்பாட்டை மாற்றக் கேட்டால் பத்திரிகையில் ஆட்சேபணை கேட்டு விளம்பரம் போட வேண்டும். போடுவார்கள். எப்படி? "இன்ன கிராமம், சர்வே எண் இன்னது பகுதி" என்று எறும்பு எழுத்தில். தெருப் பெயர் இருக்காது. உங்களுக்கு உங்கள் தெருவின் சர்வே எண் தெரியாவிட்டால், உங்கள் வாசலைப் பற்றிய விளம்பரத்தின் மேல் வடை வைத்துத் தின்றுவிட்டுப் போவீர்கள். சுற்றியிருக்கும் சர்வே எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது, ஆறு கிரவுண்டு என்பது சுமார் 1,340 சதுர மீட்டர். திறந்தவெளி ஒதுக்கீடாக 10 சதவீதம் விட வேண்டும் என்கிற விதி 3,000 சதுர மீட்டருக்கு மேல்தான். எனவே பூங்கா இடம் கேட்டுப் போராட வேண்டாம், நேரம் வீண்.


கீழ்வீட்டுக்காரன்
ஞாயிறு, பகல் 12:02

சர்வே நம்பர் சார், இது தெரியாமல்தான் இருந்தோம். ஆனாலும் அந்த மனை பள்ளமாக இருந்ததால்தான் தெருத் தண்ணீர் அங்கே போய் நின்றது. இத்தனை வருடம் அதுதான் எங்களுக்குக் குளம். இப்படி மேடாக்கினால் எங்கள் கதி?


சர்வே நம்பர்
ஞாயிறு, பகல் 12:30

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பத்திரத்தை எடுத்து, நிலத்தின் வகை என்ன என்று பாருங்கள். நஞ்சையா, புஞ்சையா, மனையா?


கீழ்வீட்டுக்காரன்
ஞாயிறு, பகல் 1:48

நஞ்சை.

அப்பாவிடம் கேட்டேன். "ஏரிப் பாசனம்டா அது, அதனால்தான் கிரவுண்டு விலை குறைவா கிடைச்சது. நாமளும் எட்டு லாரி மண்ணு அடிச்சுத்தான் கட்டினோம்" என்றார். அந்த எட்டு லாரி மண் தள்ளிவிட்ட தண்ணீர் 1996-ல் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.


எஃப்2 அக்கா
ஞாயிறு, பகல் 2:10

நம்மில் யார் வீடுதான் பரம்பரை மேட்டில் இருக்கிறது? கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரி, அது நிறைந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். இதுதான் நம் பக்கத்துத் தண்ணீரின் வழி. அந்த வழியில்தான் நாம் எல்லோரும் பால் காய்ச்சிக் குடிபோயிருக்கிறோம். சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் வந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சம் இருந்ததற்குத்தான் அந்தப் பெருமை. போனது அதைப்போலப் பல மடங்கு.


மேல்மாடி
ஞாயிறு, பகல் 2:25

அந்த ஆறு கிரவுண்டில் வரும் ஃபிளாட்டில் வீடு பார்க்க நானும் போயிருந்தேன் என்று இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை. முப்பது வயதில் கடன் வாங்கி வீடு வாங்குபவனுக்கு மேட்டு நிலம் மயிலாப்பூரிலா கிடைக்கும்? வருகிறவர்கள் எல்லாம் வில்லன் இல்லை அண்ணா.


சர்வே நம்பர்
ஞாயிறு, பகல் 2:50

தம்பி சொல்வதும் நியாயம். வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம், சதுப்பு நிலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும் வரை கட்டட அனுமதி தரக் கூடாது என்று சொன்னது. அந்த மனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது என்று பாருங்கள். விற்பவரின் சொல் போதாது, காகிதத்தைக் கேளுங்கள்.


ஈ.சி.ஆர் மணல்
ஞாயிறு, மாலை 4:40

எல்லாரும் வடிகால் வடிகால் என்கிறீர்கள். எங்கள் பக்கம் நிலைமை நேர்மாறு. கடற்கரை மணல், எவ்வளவு பெய்தாலும் அரை மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். அங்கே கோவளம் வடிநிலத் திட்டத்தில் சிமென்ட் வடிகால் கட்ட வந்தபோது, வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனோம். மழைநீர் மண்ணுக்குள் போவதைத் தடுத்து, அதற்குப் பதிலாக யார் யாருடைய கழிவுநீரையோ கடலுக்குக் கொண்டுபோகும் கால்வாய் எதற்கு? களிமண் தெருவுக்கு உள்ள மருந்து மணல் தெருவுக்கு ஆகாது. இதைச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்குச் சில வருடங்கள் ஆயின.


ரசமட்டம்
ஞாயிறு, மாலை 5:15

உண்மை. கீழ்வீட்டுக்காரர் பகுதி களிமண், அங்கே வடிகால் வேண்டும். ஆனால் அவர் வாசலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது என்றாரே, அது எனக்கு உறுத்துகிறது. டியூபைக் கையில் எடுக்கும்போது வடிகாலின் அடிமட்டத்தையும் நாலு இடத்தில் பார்த்துவிடுங்கள்.


கீழ்வீட்டுக்காரன்
அடுத்த ஞாயிறு, காலை 10:30

அளந்தாயிற்று. காலை ஆறு மணிக்கு நான், அப்பா, பக்கத்து வீட்டு மாமா மூன்று பேரும் டியூபோடு இறங்கினோம். ஏழு மணிக்குள் தெருவே சுற்றி நின்று யோசனை சொல்லத் தொடங்கிவிட்டது. டியூபில் குமிழ் இருக்கிறது என்று மாமா நாலு முறை தண்ணீரைக் கொட்டி மறுபடி நிரப்பச் சொன்னார். எடுக்கவே எடுக்காதே என்றவர் அவர்தான்.

வீட்டுத் தரையைவிட ரோடு 14 அங்குலம் உயரம். நான் ஒரு அடி என்று நினைத்திருந்தேன். ரோட்டிலிருந்து சேம்பர் குழாய் வாய் 38 அங்குலம் ஆழம்.

பிளம்பர் சொன்ன நாலு அங்குலக் குழாய் என்றால் 45 அடிக்கு வாட்டம் பதின்மூன்றரை அங்குலம். தரைக்குக் கீழே 12, ரோட்டு உயரம் 14. மொத்தம் முப்பத்தொன்பதரை. ஒன்றரை அங்குலம் பற்றாது. நான் நினைத்த ஒரு அடிக் கணக்கில் போட்டிருந்தால் முப்பத்தேழரை, அதாவது சரியாக வருவதுபோலத் தெரிந்திருக்கும்! ஆறு அங்குலக் குழாய் என்றால் வாட்டம் 9, மொத்தம் 35. மூன்று அங்குலம் மிச்சம்.

இனி வடிகால். இது கேளுங்கள். தெருக்கோடியில், தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பக்கம், வடிகாலின் அடிமட்டம் என் வாசலில் இருப்பதைவிட நாலு அங்குலம் உயரம். தண்ணீர் கோடிக்குப் போக வேண்டியது, கோடியிலிருந்து என் வாசலுக்கு வருகிறது. மாமா மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் நாலு அங்குலம்.


ரசமட்டம்
அடுத்த ஞாயிறு, காலை 10:52

எதிர் வாட்டம். நினைத்தேன்.

இதில் ஆச்சரியமே இல்லை. துண்டு துண்டாகக் கட்டுவார்கள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் மின்கம்பமோ மரமோ கேபிளோ குறுக்கே வரும். அதைத் தாண்ட அடிமட்டத்தைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுவிட்டு மூடி போட்டுவிட்டால் மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். இப்போது மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். "தண்ணீர் தேங்குகிறது" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஆள் வந்து தூர் வாரிவிட்டு, சரிசெய்யப்பட்டது என்று முடித்துவிடுவார்கள். "இன்ன வீட்டு எண் வாசலுக்கும் தெருக்கோடிக்கும் நடுவே அடிமட்டம் நாலு அங்குலம் எதிர் வாட்டம்" என்று எழுதுங்கள். எண் இருக்கிற புகாரைத் தூர் வாரி மூட முடியாது.


சர்வே நம்பர்
அடுத்த ஞாயிறு, காலை 11:30

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். அந்த வடிகாலின் வாட்டத்தைக் காட்டும் நீள்வெட்டு வரைபடமும், முடித்த வேலையின் அளவுகளைப் பதிந்த அளவைப் புத்தக நகலும் கேளுங்கள். வரைபடத்தில் வாட்டம் சரியாக இருந்து தரையில் தப்பாக இருந்தால் ஒப்பந்ததாரர் பதில் சொல்ல வேண்டும். வரைபடத்திலேயே தப்பு என்றால் கேள்வி வேறு இடத்துக்குப் போகும். அந்த ஆறு கிரவுண்டின் தடையின்மைச் சான்று நகலையும் தனி மனுவில் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் "எங்கள் அலுவலகம் தொடர்புடையதன்று" என்று பாதிக்கு மேல் திரும்பி வரும்.


எஃப்2 அக்கா
அடுத்த ஞாயிறு, பகல் 12:15

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை வையுங்கள். 2022-ல் தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் வந்தபின், வார்டு குழு, பகுதி சபை எல்லாம் வந்தன. எங்கள் வார்டில் நடந்த முதல் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தோம், அதில் நாலு பேர் டீக்கு வந்தவர்கள். ஆனாலும் அங்கே சொன்னது பதிவேட்டில் ஏறும். ரோடு மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதற்கென்றே கண்டிப்பாக எழுதினார். உங்கள் 14 அங்குலம் 16 ஆகாமல் இருக்க வேண்டும் அல்லவா?


கீழ்வீட்டுக்காரன்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8:20

இப்போதைக்கு நடந்தது இவ்வளவு.

ஆறு அங்குலக் குழாய், மாடிக்குத் தனி, கீழ்த்தளத்துக்குத் தனி வால்வுச் சேம்பர். பிளம்பர் முதலில் முகத்தைத் தூக்கினார். டியூபை ஒரு முனையில் அவரையே பிடிக்க வைத்தபின் சரி என்றார். இணைப்புக் கட்டணம் கட்டி, ரசீது வாங்கி, முறையாகத்தான் எடுத்தோம்.

பழைய செப்டிக் டேங்கை மூடும்போது ஒரு சங்கடம். லாரி வந்து உறிஞ்சியபின் அடியில் தங்கிய கசடை அள்ள ஓர் ஆளை உள்ளே இறக்குகிறேன், ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுங்கள் என்றார் லாரிக்காரர். அந்த ஆள் சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அப்பாதான் கத்தி நிறுத்தினார். கசடு இருந்தால் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கலக்கி, குழாயாலேயே உறிஞ்சி, மேலே மணல் கொட்டி நிரப்பிவிட்டோம்.


ரசமட்டம்
வெள்ளி, இரவு 8:45

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மனிதரை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும். 2023-ல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த முறை யாராவது இறங்கத் தயாரானால் 14420 என்கிற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

வடிகால் என்ன ஆயிற்று?


கீழ்வீட்டுக்காரன்
வெள்ளி, இரவு 9:02

ஓர் இளம் பொறியாளர் வந்தார். முதலில் "தூர் வாரச் சொல்கிறேன்" என்றார். சுவரில் போட்டிருந்த கோடுகளைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் கருவியைக் கொண்டுவந்து வைத்து அவரே அளந்தார். அவர் கணக்கில் மூன்றே முக்கால் அங்குலம். "உயர்ந்து நிற்கிற துண்டை உடைத்துத்தான் போட வேண்டும், மதிப்பீடு போடுகிறேன்" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். மழைக்கு முன் வருமா என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்.

ஆறு கிரவுண்டு மனையின் சான்று நகல் வந்துவிட்டது. சர்வே நம்பர் சார் சொன்னபடியேதான், மேடாக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் அடுத்த வரியில் "சுற்றியுள்ள நிலங்களின் நீர் வடியும் வழியைத் தடுக்கக் கூடாது" என்றும் இருக்கிறது. அந்த நகலை எடுத்துக்கொண்டு கட்டுபவரைப் பார்க்கப் போனோம், மேல்மாடித் தம்பியும் வந்திருந்தார். மனையின் ஓரமாகத் தெருத் தண்ணீருக்கு மூன்றடி அகலத்தில் ஒரு வழி விடுவதாக வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கேட்டிருக்கிறோம்.


மேல்மாடி
வெள்ளி, இரவு 9:15

நான் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. எழுத்தில் வந்தால்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை இன்னும் வாங்கப்போகிறவன் என்றுதான் நினைக்கிறார், அதனால் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.


எஃப்2 அக்கா
வெள்ளி, இரவு 9:40

அந்த டியூப் இப்போது யாரிடம் இருக்கிறது? எங்கள் சங்கத்தில் கேட்கிறார்கள். எங்கள் தெரு வடிகாலிலும் ஒரு இடத்தில் தண்ணீர் நிற்கிறது.


கீழ்வீட்டுக்காரன்
வெள்ளி, இரவு 9:44

மாமா வீட்டு மாடிப்படிக்கு அடியில். காலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள் அக்கா. ஆனால் அவரும் கூடவே வருவார், குமிழ் பார்க்க.